நட்டுக்கு அடியில் ஒரு கணக்கு!

பேனாவும் பேப்பரும் கையில இருக்கா? முதல்ல ஒரு குட்டிப் புதிர்.

உங்க ஹாஸ்டல் மொட்டை மாடியிலேர்ந்து ஒரு கயிறு தொங்குது. மேலே உங்க ரூம்மேட், கொஞ்சம் கீழே நீங்க. ரெண்டு பேரும் அதே கயிறைத்தான் கையால பிடிச்சுத் தொங்குறீங்க. ஆளுக்கு 60 கிலோ. ரூம்மேட்டோட கைப்பிடி எவ்வளவு எடையைத் தாங்குது? 60 கிலோ. ஈஸி! உங்க எடையை உங்க கை பார்த்துக்குது, அவர் எடையை அவர் கை பார்த்துக்குது. உச்சியில கயிறு தாங்குறது 120 கிலோ.

இப்ப ஒரே ஒரு சின்ன மாற்றம். நீங்க கயிறை விட்டுட்டு, ரூம்மேட்டோட ரெண்டு காலையும் கெட்டியா பிடிச்சுக்கறீங்க. உச்சியில கயிறு இப்பவும் 120 கிலோதான் தாங்குது. அதுல துளி மாற்றம் இல்லை. ஆனா ரூம்மேட்டோட கைப்பிடி? பாவம், 60-லேர்ந்து 120-க்கு எகிறிடுச்சு!

'இதெல்லாம் ஒரு புதிரா பாஸ்?'னு நீங்க சிரிக்கிறது கேட்குது. இந்தப் புதிருக்குத் தப்பா விடை எழுதினா, நமக்கு இன்டர்னல்ல ரெண்டு மார்க் போகும். ஆனா 1981-ல் அமெரிக்காவில் ஒரு ஹோட்டல்ல இந்தப் புதிரை யாரும் போட்டே பார்க்கலை. அங்கே போனது 114 உயிர்.

டீ டான்ஸ் மாலை

மிசௌரி மாநிலம், கன்சாஸ் சிட்டி. ஹயாட் ரீஜன்ஸி ஹோட்டல். 40 மாடி. 1980 ஜூலையில் திறந்த, பளபளன்னு இருந்த புத்தம் புது கட்டடம். அதோட ஹைலைட்டே நடுவுல இருந்த பிரமாண்டமான முற்றம்தான். அந்த முற்றத்தோட ஒரு பக்கத்திலேர்ந்து இன்னொரு பக்கத்துக்குப் போக, அந்தரத்துல மூணு நடைபாலங்கள். ஒவ்வொண்ணும் சுமார் 37 மீட்டர் நீளம், 29 டன் எடை. தரையிலேர்ந்து ஒரு தூண் கிடையாது. எல்லாமே கூரையிலேர்ந்து விரல் தடிமனைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புக் கம்பிகள்ல தொங்கின. பார்க்க மிதக்குற மாதிரியே இருக்கும்.

மூணாவது மாடிப் பாலம் தனியா ஒரு பக்கம் தொங்குச்சு. நாலாவது மாடிப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாவது மாடிப் பாலம். இந்த ஜோடியைத்தான் நாம கவனிக்கணும்.

1981 ஜூலை 17, வெள்ளிக்கிழமை சாயங்காலம். கீழே முற்றத்துல பேண்டு வாசிக்க, டான்ஸ் போட்டி. சுமார் 1600 பேர் கூடியிருந்தாங்க. சிலர் பாலத்து மேலே நின்னு வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்தாங்க. ஏழு மணி தாண்டி அஞ்சு நிமிஷம் இருக்கும். பெரிய சத்தத்தோட நாலாவது மாடிப் பாலம் இறங்கி, இரண்டாவது மாடிப் பாலத்து மேலே விழ, ரெண்டும் சேர்ந்து கீழே கூட்டத்து மேலேயே வந்து விழுந்துச்சு. 114 பேர் இறந்தாங்க. 200 பேருக்கு மேலே காயம்.

எல்லாருக்கும் முதல்ல வந்த சந்தேகம்... 'பாலத்து மேலே கூட்டம் ஜாஸ்தியா? டான்ஸ் ஆடினதுல அதிர்ந்துடுச்சா?'

இல்லை. விழுந்த ரெண்டு பாலத்துலயும் சேர்த்து அறுபது சொச்சம் பேர்தான் இருந்தாங்க. விதிமுறைப்படி அந்தப் பாலங்கள் தாங்கியிருக்க வேண்டிய எடையில, அன்னிக்கு ஜாயின்ட்டுக்கு வந்தது பாதியை ஒட்டித்தான். அப்புறம் எப்படி?

கம்பி பாஸ் ஆயிடுச்சு!

வாங்க, நாமளே ஒரு இன்ஜினீயரா மாறிக் கணக்குப் போடுவோம். எஸ்.ஓ.எம். புத்தகத்துல முதல் யூனிட், முதல் ஃபார்முலா. தகைவு அதாவது ஸ்ட்ரெஸ் = விசை வகுத்தல் பரப்பு. இதைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வீங்க!

ஒரு பாலத்தைத் தாங்க ஆறு தொங்கு கம்பிகள். விதிமுறைப்படி பாலத்தோட சொந்த எடை, ஆட்கள் எடை எல்லாம் சேர்த்து, ஒரு பாலத்துக்காக ஒரு கம்பிக்கு வர்ற விசை சுமார் 90 கிலோநியூட்டன். அதாவது 9 டன்னுக்குக் கொஞ்சம் மேலே. ரெண்டு யானையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி!

கம்பியோட விட்டம் ஒண்ணேகால் இன்ச். மில்லிமீட்டர்ல சொன்னா கிட்டத்தட்ட 32. பரப்பு சுமார் 800 சதுர மில்லிமீட்டர். கீழ்ப் பாலத்தை மட்டும் தாங்குற கம்பிப் பகுதியை எடுத்துக்குவோம். 90,000 நியூட்டனை 800-ஆல வகுத்தா, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 112 நியூட்டன் சொச்சம். சாதாரண மைல்டு ஸ்டீல் இளக ஆரம்பிக்கிறதே 250-ல்தான். மரை வெட்டின இடத்துல பரப்பு குறையும், ஒத்துக்கறேன். அதைச் சேர்த்தாலும் 150-ஐத் தாண்டாது. கம்பி பாஸ்!

எவ்வளவு நீளும்? அடுத்த ஃபார்முலா. விசையை நீளத்தால பெருக்கி, பரப்பையும் யங்ஸ் மாடுலஸையும் பெருக்கின தொகையால வகுக்கணும். 5 மீட்டர் கம்பின்னு வெச்சுக்கிட்டா விடை 3 மில்லிமீட்டர்கூட வராது. மேலே நடந்து போறவங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

நாலாவது மாடிக்கு மேலே இருக்கிற கம்பி ரெண்டு பாலத்தையும் சேர்த்துத் தாங்குது. அங்கே 181 கிலோநியூட்டன். ஆனா விபத்துக்கு அப்புறம் போய்ப் பார்த்தப்போ அந்தக் கம்பிகள் என்ன ஆகியிருந்துச்சு தெரியுமா? ஒண்ணும் ஆகலை! நட்டு, வாஷரோட அப்படியே கூரையிலேர்ந்து தொங்கிக்கிட்டு இருந்துச்சு. பாலம்தான் கம்பியை விட்டு உருவிக்கிட்டுப் போயிருந்துச்சு.

ஆக, உடைஞ்சது கம்பி இல்லை. கம்பியும் பாலமும் சேர்ற இடம். ஜாயின்ட்!

டிராயிங்கில் ஒரு சின்ன மாற்றம்

இப்ப ரூம்மேட் புதிரை ஞாபகப்படுத்திக்கோங்க.

முதல்ல போட்ட டிசைன்ல, கூரையிலேர்ந்து ஒரே நீளக் கம்பி ரெண்டு பாலத்தையும் துளைச்சுக்கிட்டு இறங்கும். நாலாவது மாடிப் பாலத்துக்கு அடியில ஒரு நட்டு, இரண்டாவது மாடிப் பாலத்துக்கு அடியில ஒரு நட்டு. அவங்கவங்க எடையை அவங்கவங்க நட்டு பார்த்துக்கும். ஆளுக்கு 90.

ஆனா கம்பியைச் செஞ்சு மாட்ட வேண்டியவங்களுக்கு ஒரு தலைவலி. நாலாவது மாடி நட்டை அதோட இடத்துக்குக் கொண்டு போகணும்னா, கீழேயிருந்து அவ்வளவு நீளத்துக்கும் கம்பியில மரை வெட்டணும். அதைத் தூக்கி மாட்டும்போது எங்கேயாவது இடிச்சு மரை நசுங்கினா, நட்டு ஏறாது. நியாயமான கவலைதான்!

அதனால ஒரு யோசனை வந்துச்சு. ஒரு கம்பிக்குப் பதிலா ரெண்டு கம்பி. கூரையிலேர்ந்து ஒரு கம்பி நாலாவது மாடிப் பாலத்தோட முடிஞ்சிடும். கொஞ்சம் தள்ளி அதே உத்திரத்துல இன்னொரு துளை. அதிலேர்ந்து ரெண்டாவது கம்பி கிளம்பி இரண்டாவது மாடிப் பாலத்தைத் தாங்கும். மரை வெட்டுற வேலை மிச்சம். டிராயிங்ல பார்த்தா கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும்.

ஆனா இப்ப யார் காலை யார் பிடிச்சிருக்காங்கன்னு பாருங்க! இரண்டாவது மாடிப் பாலம் கூரையிலேர்ந்து தொங்கலை. நாலாவது மாடிப் பாலத்திலேர்ந்து தொங்குது. நாலாவது மாடி நட்டுக்கு வர்ற எடை 90-லேர்ந்து 181.

இதுல பெரிய ஏமாத்து வேலை என்னன்னா, மேல் கம்பியில வர்ற விசை ரெண்டு டிசைன்லயும் ஒண்ணுதான். 'கம்பி தாங்குமா?'ன்னு மட்டும் கேட்டா, பழைய விடையே வரும். மாற்றம் நடந்தது ஒரே ஒரு நட்டுக்கும் அதுக்கு மேலே இருக்கிற தகட்டுக்கும் நடுவுல. அங்கே எட்டிப் பார்த்தாத்தான் தெரியும்.

அட்டைப்பெட்டியும் ஆள்காட்டி விரலும்

நட்டு எங்கே உட்கார்ந்திருந்ததுன்னு தெரிஞ்சா இன்னும் ஆடிப்போயிடுவீங்க.

பாலத்தைக் குறுக்கே தாங்கின உத்திரம் ஒரே கட்டி இரும்பு இல்லை. நம்ம 'ப' எழுத்து மாதிரி இருக்குமே, சேனல்... அது ரெண்டை எதிரெதிரா நிறுத்தி, விளிம்போட விளிம்பு சேர்த்து வெல்டு பண்ணின பெட்டி. உள்ளே காலி. கம்பி போறதுக்கான துளையை எங்கே போட்டாங்க? சரியா அந்த வெல்டு ஓடுற கோட்டுல! நட்டும் வாஷரும் அடியில அந்தத் துளையைச் சுத்தி உட்கார்ந்திருந்தது.

வீட்டுல ஒரு அட்டைப்பெட்டி எடுங்க. அடியில டேப் ஒட்டியிருக்கும் இல்லையா? அந்த டேப்பு மேலே கீழேயிருந்து விரலால அழுத்திப் பாருங்க. முதல்ல ரெண்டு பக்க அட்டையும் உள்பக்கமா வளையும். அப்புறம் டேப் பிரியும். பட்டுனு விரல் உள்ளே போயிடும். அட்டை கிழியவே இல்லை, ஆனா பெட்டி தோத்துப்போச்சு!

அங்கேயும் அதேதான். பாலம் கீழே அழுத்த, நட்டு மேலே தள்ள, சேனலோட விளிம்புகள் வளைஞ்சு, வெல்டு பிரிஞ்சு, நட்டு பெட்டியைத் துளைச்சுக்கிட்டு வெளியே வந்துச்சு. ஒரு ஜாயின்ட் போனதும் அதோட சுமை பக்கத்து ஜாயின்ட்டுக்குப் போகும். தன்னோட சுமையையே தாங்க முடியாம நிக்கிற பக்கத்து வீட்டுக்காரர், அடுத்த வீட்டுச் சுமையை எப்படித் தாங்குவார்? வரிசையா எல்லாம் போச்சு.

இங்கேதான் 'விசை வகுத்தல் பரப்பு' கைவிடுது. அந்த ஃபார்முலாவுக்குள்ளே ஒரு நிபந்தனை ஒளிஞ்சிருக்கு. விசை பரப்பு முழுக்க ஒரே சீரா பரவியிருக்கணும். நீளமான கம்பியோட நடுவுல அது சரி. துளை, மரை, வெல்டு, நட்டு இருக்கிற இடத்துல சரியில்லை. அங்கே தகடு வளையும், தகைவு ஒரு மூலையில போய்க் குவியும். அதுக்குத் தனிக் கணக்கு போடணும், இல்லைன்னா லேப்ல ஒண்ணைச் செஞ்சு உடைச்சுப் பார்க்கணும்.

விபத்துக்கு அப்புறம் அமெரிக்காவோட தேசிய தர நிறுவனம் அதைத்தான் செஞ்சுது. அதே மாதிரி உத்திரம் செஞ்சு லேப்ல உடைச்சுப் பார்த்தாங்க. பாலத்துல இருந்த ஜாயின்ட் ஒண்ணு தாங்கக்கூடியது 80 கிலோநியூட்டனைச் சுத்தித்தான்னு கண்டுபிடிச்சாங்க. விதிமுறை கேட்ட வலிமையில இது சுமார் 30 சதவிகிதம். பாலத்தோட சொந்த எடையைத் தாங்கவே அது மூச்சு வாங்கிக்கிட்டு இருந்திருக்கு. மேலே மனுஷங்க ஏறி நிக்கறதுக்கு அதுல கிட்டத்தட்ட மிச்சமே இல்லை.

இன்னொரு அதிர்ச்சி. முதல்ல போட்ட ஒரே கம்பி டிசைனும் ஒழுங்கு கிடையாது! அதுவும் விதிமுறை கேட்டதுல சுமார் 60 சதவிகிதம்தான். விழாம நின்ன மூணாவது மாடிப் பாலத்தோட ஜாயின்ட்டைப் பார்த்தப்போ, அங்கேயும் சேனல் விளிம்பு வளைஞ்சிருந்துச்சு. இரும்பு சத்தம் போடாம எச்சரிக்கை பண்ணிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. மூடி வெச்சிருந்த ஜாயின்ட்டுக்குள்ளே அது யார் கண்ணுக்கும் படலை.

'நீ பார்த்திருப்பேன்னு நினைச்சேன்!'

சரி, இவ்வளவு பேர் வேலை பார்த்த கட்டடம். ஒருத்தர்கூடவா கவனிக்கலை?

குரூப் ப்ராஜெக்ட் பண்ணியிருக்கீங்களா? 'அந்த சாப்டர் நீ எழுதியிருப்பேன்னு நான் நினைச்சேன்', 'இல்லையே, நீ எழுதுவேன்னுதானே நான் விட்டேன்'... சப்மிஷன் அன்னிக்குக் காலையில நடக்குமே ஒரு சீன், அதேதான்.

டிசைன் பண்ணினவங்க, ஜாயின்ட்டோட விவரங்களைத் தயாரிப்பாளர் பார்த்துப்பார்னு நினைச்சாங்க. தயாரிப்பாளர் தரப்போ, 'ஜாயின்ட் டிசைன் முடிஞ்சு வந்துடுச்சு, நாம செஞ்சு கொடுத்தா போதும்'னு நினைச்சுது. ரெண்டு கம்பி மாற்றத்துக்கு போன்ல சம்மதம் வாங்கினோம்னு தயாரிப்பாளர் சொன்னார். அப்படி ஒரு போனே வரலைன்னு இன்ஜினீயர் தரப்பு மறுத்துது. ஆனா மாற்றம் வரைஞ்ச டிராயிங் இன்ஜினீயர் ஆபீஸுக்கு வந்துச்சு. அதுல அவங்க ஒப்புதல் முத்திரையும் விழுந்துச்சு. ஒரு முத்திரை... அவ்வளவுதான்!

இதுக்கு நடுவுல ஒரு எச்சரிக்கை மணியும் அடிச்சிருக்கு. கட்டட வேலை நடக்கும்போதே, 1979 அக்டோபர்ல அந்த முற்றத்தோட கூரையில ஒரு பகுதி இடிஞ்சு விழுந்துச்சு. அதுவும் ஜாயின்ட் பிரச்னைதான். அப்பக்கூட பாலத்து ஜாயின்ட்டை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கலை.

கடைசியில புதிரை விடுவிச்சது யார் தெரியுமா? ஒரு நாளிதழ்! 'கன்சாஸ் சிட்டி ஸ்டார்' பத்திரிகை ஒரு இன்ஜினீயரை வேலைக்கு வெச்சு விசாரிச்சுது. ஒரு கம்பி ரெண்டு கம்பியா மாறின விஷயம் விபத்து நடந்த சில நாள்லயே வெளியே வந்துச்சு. அந்தச் செய்திகளுக்காக 'ஸ்டார்', 'டைம்ஸ்' ரெண்டு நாளிதழ்களுக்கும் 1982-ல் புலிட்சர் பரிசு கிடைச்சுது.

1985-ல் தீர்ப்பு. டிசைன் நிறுவனத்தோட தலைவர் ஜாக் கில்லம், திட்டப் பொறியாளர் டேனியல் டங்கன் ரெண்டு பேருமே கடுமையான அலட்சியத்துக்குப் பொறுப்புன்னு நீதிபதி சொன்னார். மிசௌரியில அவங்க லைசென்ஸ் பறிபோச்சு. 'நான் போடலை, என் ஆபீஸ்ல யாரோ போட்ட முத்திரை'ங்கற பேச்சு எடுபடலை. டிராயிங்ல யார் சீல் இருக்கோ, அதுல இருக்கிற ஒவ்வொரு நட்டுக்கும் அவர்தான் பொறுப்பு. கில்லம் பிற்காலத்துல இன்ஜினீயர்கள் கூட்டங்களுக்குப் போய் இந்தத் தப்பைப் பத்தி அவரே பேசினார்.

அந்த ஹோட்டல் இன்னிக்கு வேற பேர்ல நடக்குது. தொங்கு பாலங்களை எடுத்துட்டு, தரையிலேர்ந்து தூண் வெச்ச ஒரு நடைபாதையைக் கட்டினாங்க. இறந்தவங்களுக்கான நினைவிடம் பக்கத்துலயே 2015-ல்தான் எழும்புச்சு.

உங்க டேபிளுக்கு வருவோம்

அடுத்த தடவை லேப்ல யு.டி.எம். மெஷின்ல கம்பியை மாட்டி இழுக்கும்போது, எல்லாரும் கம்பியோட நடுவையே பார்ப்போம். கழுத்து மாதிரி ஒடுங்கி, 'டப்'னு உடையறது அங்கேதானே! ஒரு தடவை ரெண்டு ஓரத்தையும் பாருங்க. மெஷினோட பிடி எவ்வளவு கனமா, எவ்வளவு பத்திரமா கம்பியைக் கவ்வியிருக்குன்னு கவனிங்க. கம்பியை ஒழுங்கா சோதிக்கணும்னா, முதல்ல பிடி தோற்கக் கூடாது. கட்டடத்துக்கும் இதே ரூல்தான்.

அசைன்மென்ட்டோ, ப்ராஜெக்டோ, நாளைக்கு வேலைக்குப் போய்ப் போடப்போற நிஜ டிராயிங்கோ... இந்த அஞ்சு கேள்வியை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி டேபிள் மேலே ஒட்டி வைங்க.

1. இந்தச் சுமை எங்கே பிறந்து, எந்தெந்த வழியா தரைக்குப் போகுது? விரலை வெச்சுத் தடவிக்கிட்டே போங்க. ஒரு நட்டைக்கூடத் தாண்டிக் குதிக்காதீங்க.

2. ஒவ்வொரு ஜாயின்ட்டையும் தனியா வெட்டி எடுத்து, ஃப்ரீ பாடி டயக்ரம் வரைஞ்சாச்சா? ரூம்மேட் கையை வரைஞ்சிருந்தா, அந்த 120 அங்கேயே பல்லைக் காட்டியிருக்கும்.

3. சீரா பரவுற விசைக்கான ஃபார்முலாவை, துளையும் வெல்டும் இருக்கிற இடத்துல போட்டுட்டோமா?

4. உடையறதுக்கு முன்னால இது எப்படி வளையும்? அந்த வளைவு யார் கண்ணுக்காவது தெரியுமா?

5. ஒரு சின்ன மாற்றம் வந்தா, பழைய கணக்கு இன்னும் செல்லுமா? 'வேலை சுலபமாகும்'னு யாராவது சொன்னா, அன்னிக்கு டபுள் செக்!

இதுல எதுக்குமே கம்ப்யூட்டர் வேண்டாம். சாஃப்ட்வேர் கலர் கலரா படம் காட்டும்தான். ஆனா ஜாயின்ட்டை ஒரு புள்ளியா நீங்க வரைஞ்சு கொடுத்தா, அதுவும் புள்ளியாத்தான் எடுத்துக்கும். அந்தப் புள்ளிக்குள்ளே ஒரு துளை, ஒரு வெல்டு, ஒரு வாஷர் இருக்குன்னு அதுக்கு யார் சொல்றது? நீங்கதான்.

பக்கத்து பெஞ்ச் நோட்டைப் பார்த்து எஸ்.ஓ.எம். கணக்கைக் காப்பி அடிக்கும்போது, விடை மட்டும்தான் வரும். அந்தச் சுமை எந்த வழியா போச்சுங்கறது வராது. கன்சாஸ் சிட்டியில 114 பேரோட உயிர், ரெண்டு நிமிஷத்துல கைக்கணக்கா போட்டுப் பார்த்திருக்கக்கூடிய ஒரு படத்துல இருந்துச்சு. 90 இங்கே, 90 அங்கே, கூட்டினா 181-ஐத் தொடும். நீங்க இந்தக் கட்டுரையோட முதல் பத்தியிலேயே போட்ட கணக்கு அது!

அதனால இன்னிக்கு ராத்திரி அந்த ரூம்மேட் படத்தை நோட்டுல ஒரு தடவை வரைஞ்சு பாருங்க, ப்ளீஸ். கையில அம்புக்குறி போட மறந்துடாதீங்க!